பக்கத்து விரலே சிம்பு

வாலிபால் ஆடுகிறவரின் சுண்டு விரல் நுனியில் பந்து நேராக வந்து மோதுகிறது. நடு மூட்டு கிடுகிடுவென வீங்குகிறது. உடனே யாராவது ஒருவர் “கொடு, இழுத்துவிட்டா சரியாயிடும்” என்று விரலைப் பிடிப்பார். முதலில் தடுக்க வேண்டியது அந்தக் கையைத்தான். எலும்பில் விரிசல் இருந்தால் ஒரே இழுப்பில் விலகிவிடலாம். பாதி கிழிந்த நார் முழுதாக அறுந்துவிடலாம். எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம். மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறும் முன் கழற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸை வைத்து, கையை உயர்த்திப் பிடித்திருங்கள்.

விரலின் நடு மூட்டு கதவுக் கீலைப் போன்றது. மடங்கும், நிமிரும், பக்கவாட்டில் அசையாது. அப்படி அசையவிடாமல் பிடித்திருப்பவை இரு புறமும் உள்ள பட்டையான நார்கள். உள்ளங்கைப் பக்கத்தில் தடித்த நார்த்தகடு ஒன்று, விரல் பின்னால் வளையாமல் காக்கிறது. பந்து மோதும்போது பெரும்பாலும் காயப்படுபவை இவைதான்.

இந்த நார்கள் ஆற, விரல் பக்கவாட்டில் சாயக் கூடாது. அதற்காக வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் கட்டி வைத்தால் நார்கள் சுருங்கி மூட்டு இறுகிவிடும். அடியை விட இந்த இறுக்கம் பலரை நெடுநாள் வாட்டுகிறது. காயப்பட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டும் முறை இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது: சாய்வதைத் தடுக்கிறது, மடங்குவதை விட்டுவைக்கிறது. பக்கத்து விரல் மடங்கும்போது காயப்பட்டதையும் கூடவே அழைத்துச் செல்கிறது.

சுண்டு விரலுக்கு மோதிர விரலே பொருத்தமான துணை. கையின் அமைப்பே அப்படி. உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடு விரலை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். தூக்க வராது. புறங்கையில் விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் குறுக்கு இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. ஆள்காட்டி விரலுக்கு நடு விரல் துணை. கட்டை விரலுக்கு இந்த முறை உதவாது.

இரு விரல்களுக்கும் இடையே மெல்லிய பஞ்சோ காஸ் துணியோ வையுங்கள். இல்லாவிட்டால் வியர்வையில் தோல் ஊறிப் புண்ணாகும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்டரில் இரண்டு பட்டைகள் போதும்: நடு மூட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மூட்டின் மேல் ஒட்டினால் மடக்க முடியாது. சுண்டு விரல் குட்டை என்பதால் மூட்டுகள் நேருக்கு நேர் வராது. பட்டையைச் சற்றுச் சாய்த்து ஒட்ட வேண்டியிருக்கும். நுனி மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். நனைந்தால் மாற்றுங்கள்.

எல்லாக் காயத்துக்கும் இது மருந்தல்ல. மெல்ல விரல்களை மடக்கிப் பாருங்கள். நுனிகள் எல்லாம் கட்டை விரலின் அடிப்பக்கம் நோக்கிச் சாய வேண்டும். ஒரு விரல் இன்னொன்றின் மேல் ஏறினால் எலும்பு முறிந்து திரும்பியிருக்கலாம், எக்ஸ்ரே அவசியம். விரல் கோணிப்போயிருந்தாலும், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். நுனி தொங்கிப்போய் நிமிர்த்த முடியாவிட்டால், நுனி மூட்டை நிமிர்ந்த நிலையிலேயே 6 முதல் 8 வாரம் சிம்பு வைத்துக் காக்க வேண்டும். கபடியில் எதிராளியின் சட்டையைப் பற்றி இழுத்த பிறகு விரல் நுனி மடங்காமல் போனால் இன்னும் அவசரம்: அறுந்த தசைநாண் உள்ளங்கைக்குள் சுருண்டுவிடக்கூடும். நாள் கடத்தினால் அறுவை சிகிச்சை கடினமாகும்.

வாசல் நிலையில் இடித்துக்கொண்ட கால் சுண்டு விரலுக்கும் இதே முறைதான். கூடவே அடிப்பாகம் கெட்டியான செருப்பு உதவும். இரண்டாம் விரலில் அடி என்றால் மெட்டியை முதலில் கழற்றுங்கள். கால் பெருவிரல் நடையின் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்குவது; அதில் முறிவு என்று சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தாங்களாகவே பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. இறுக்கமும் உரசலும் அவர்களுக்குத் தெரியாது; ஒட்டிய இடத்தில் புண் வந்த பிறகுதான் தெரியவரும்.