எழுதினால்தான் விருது வரும்

ஆண்டுதோறும் குடியரசு நாளுக்கு முந்தைய நாள் பத்ம விருதுப் பட்டியல் வெளியாகும். அதில் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். நடிகர், இசைக் கலைஞர் பெயர்கள் உடனே தெரிந்துவிடும். நடுவே ஒரு பெயர் யாருக்கும் தெரியாததாக இருக்கும். "யாருப்பா இவங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பதில் தேடியபோது அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மதுரை அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்தவர் சின்னப்பிள்ளை. விவசாயக் கூலி வேலை செய்தவர். களஞ்சியம் சிறுசேமிப்புக் குழுக்களில் பெண்களைத் திரட்டி, வட்டிக் கடனிலிருந்து மீளத் துணை நின்றார். 2001 சனவரியில் நம் தில்லியில் ஸ்திரீ சக்தி விருதை வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தது.

கோவை முருகானந்தம், குறைந்த செலவில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, கிராமத்து மகளிர் குழுக்களுக்கு அதையே ஒரு தொழிலாக்கித் தந்தார். அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் சிறு கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கியவர் பாப்பம்மாள். நூறு வயதைக் கடந்தும் இயற்கை முறையில் பயிர் செய்த அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024இல் அவர் மறைந்தார்.

1954 முதல் வழங்கப்படும் இவ்விருதில் பணமுடிப்பு கிடையாது. குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழும் பதக்கமும்தான். பெயரோடு பட்டமாகச் சேர்த்துக்கொள்ளவும் கூடாது.

அமைச்சரோ எம்.பி.யோ சிபாரிசு செய்தால்தான் விருது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. குடிமக்கள் யார் வேண்டுமானாலும் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். தமக்குத் தாமேகூட விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் 'ராஷ்ட்ரீய புரஸ்கார்' இணையதளம் வழியாக மட்டுமே பரிந்துரை ஏற்கப்படும். அவர் செய்த பணியை 800 சொற்களுக்குள் விளக்கி எழுத வேண்டும். கடைசித் தேதியை ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு பரிசீலித்து, பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் பெயர்களை அனுப்பும். மறைந்தவர்களுக்குப் பொதுவாக இவ்விருது வழங்கப்படுவதில்லை. மிகச் சிறப்பான பணிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது மனம் கனத்துப்போனது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு பெரியாத்தா இருந்தார். குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் நனைக்க விடமாட்டார். கோடைதோறும் ஆள் கூட்டித் தூர்வார வைப்பார். வந்தவர்களுக்குக் கடையிலிருந்து இலவசமாக இட்லி போகும். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இப்படிச் செய்தார். அவரைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும் என்று இரண்டு விடுமுறைகளில் நினைத்தேன். ஊர் திரும்பியதும் அலுவலக வேலையில் மறந்தேன். மூன்றாம் விடுமுறைக்குப் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. எழுதியிருந்தால் விருது கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை. எழுதாதது என் குற்றம்.

அப்படிப்பட்டவர்கள் தம்மைப் பற்றித் தாமே விண்ணப்பம் போடமாட்டார்கள். போடவும் தெரியாது. ஆங்கிலமும் இந்தியும் பழகி, கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாம்தான் அதைச் செய்ய வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அருகில் உட்கார்ந்து விவரம் கேளுங்கள். எந்த ஆண்டு தொடங்கினார், எத்தனை குடும்பம் பயன்பெற்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். தில்லி திரும்பியதும் தள்ளிப்போடாமல் எழுதி அனுப்புங்கள். இது என் பணிவான வேண்டுகோள்.