மேடை வீட்டுப் பெண்கள் – 7: ஜூலியட்டுக்குக் கல்யாணம் ஆன பிறகு

1829-ல் லண்டனின் காவன்ட் கார்டன் அரங்கம் ஜப்தி வரைக்கும் வந்துவிட்டது. வாடகை பாக்கி, வரி பாக்கி. அரங்கை நடத்திவந்தவர் புகழ்பெற்ற நடிகர் சார்லஸ் கெம்பிள். கடைசி முயற்சியாக, நாடக அனுபவமே இல்லாத தன் மகள் ஃபேனியை ஜூலியட்டாக மேடையேற்றினார். ஃபேனிக்கு அப்போது 19 வயது. அக்டோபர் 5 அன்று நடந்த அந்த நாடகத்தில் அப்பா மெர்குஷியோ. அம்மா, ஜூலியட்டின் தாயார். லண்டன் ஃபேனியைக் கொண்டாடியது, அரங்கமும் பிழைத்துக்கொண்டது.

பதின்ம வயதினருக்குச் சரித்திரக் காதல் நாவல் எழுத நினைப்பவருக்கு இதைவிடத் தோதான தொடக்கம் கிடைக்காது. காதலனும் தயார். 1832-ல் அப்பாவும் மகளும் அமெரிக்காவுக்கு நாடகம் போடப் போனார்கள். பிலடெல்பியாவின் பணக்கார இளைஞர் பியர்ஸ் பட்லர் ஊர் ஊராக ஃபேனியின் பின்னால் அலைந்தார். 1834 ஜூனில் திருமணம். இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் இங்கேயே சுபம் போட்டுவிடும். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் இதற்கு அடுத்த பக்கங்களைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

பட்லர் குடும்பத்தின் செல்வம், ஜார்ஜியாவில் நெல்லும் பருத்தியும் விளைந்த பண்ணைகளிலிருந்து வந்தது. அங்கே உழைத்தவர்கள் நூற்றுக்கணக்கான அடிமைகள். 1838-ன் கடைசியில் இரண்டு பெண் குழந்தைகளோடு ஃபேனி அங்கே போய் இறங்கினார். அடிமைமுறையை முன்பே வெறுத்தவர்தான். ஆனாலும் தன் சாப்பாடும் துணிமணியும் யாருடைய உழைப்பில் வருகின்றன என்பதை அங்கேதான் கண்ணெதிரே பார்த்தார்.

பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். பிள்ளை பெற்ற மூன்றாவது வாரமே வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது, ஒரு மாதமாவது ஓய்வு வேண்டும் என்று கேட்டார்கள். எந்தப் பெண் எத்தனை பெற்றாள், எத்தனை பறிகொடுத்தாள் என்று பெயர் பெயராக ஃபேனி தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். முறையீடுகளைக் கணவரிடம் கொண்டுபோனார். இனி இப்படி எதையும் தன்னிடம் கொண்டுவரக் கூடாது என்றார் பட்லர். எழுத்துக் கற்றுத்தரச் சொல்லிப் பண்ணைப் பையன் ஒருவன் கேட்டான். அடிமைக்கு எழுத்தறிவிப்பது அங்கே சட்டவிரோதம். ஃபேனி கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மேடையில் அவர் வாங்கிய கைத்தட்டல்கள் எல்லாவற்றையும்விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

அந்த நாட்குறிப்பைப் பல ஆண்டுகள் நண்பர்கள் மட்டுமே கையெழுத்துப் பிரதியாக வாசித்தார்கள். அச்சிடக் கணவர் இசையவில்லை. 1849-ல் மணமுறிவு. மகள்கள் இருவரும் தந்தையிடம் போனார்கள். தாய்க்குக் கோடையில் மட்டும் அவர்களோடு இருக்க அனுமதி. வயிற்றுப் பாட்டுக்கு ஃபேனி ஊர் ஊராக ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டினார். கடனில் மூழ்கிய பட்லர், 1859 மார்ச்சில் சவானா குதிரைப் பந்தய மைதானத்தில் நானூறுக்கும் அதிகமான மனிதர்களை இரண்டே நாளில் ஏலம் விட்டார். ஜூலியஸ் லெஸ்டர் இளையோருக்காக எழுதிய ‘டே ஆஃப் டியர்ஸ்’ (2005) அந்த ஏலத்தைப் பற்றிய நாவல்தான். காதல் கதை தேடி வரும் பிள்ளைகளின் கையில் அதையும் கொடுங்கள்.

1863-ல், அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஃபேனி தன் நாட்குறிப்பை வெளியிட்டார். மூத்த மகள் சாரா, தாயைப் போலவே வடக்கின் பக்கம் நின்றார். இளையவர் ஃபிரான்சஸ் தந்தையின் கட்சி. போர் முடிந்ததும் தந்தையோடு ஜார்ஜியா பண்ணைக்கே திரும்பிப் போனவர், அந்த ஆண்டுகளைப் பற்றி 1883-ல் தானும் ஒரு புத்தகம் வெளியிட்டார். தாய் நாட்குறிப்பு எழுதிய அதே மண்ணில் மகள் எதைப் பார்த்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)