உங்களுக்குத் தெரியுமா? மாற்றிய தமனிக்கு அப்பால்
மார்ஃபான் நோய்க்குறி உள்ளவர்களுக்கு உடலைத் தாங்கிப் பிணைத்திருக்கும் இணைப்புத் திசுவே பலவீனம். எஃப்.பி.என்.1 என்ற மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்று 1991இல் தெரியவந்தது. இவர்களுக்குப் பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே வீங்கத் தொடங்கும். கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் வீங்கிய பகுதியை முன்கூட்டியே அகற்றி, டாக்ரான் என்ற பாலியெஸ்டர் குழாயைத் தைக்கிறார்கள். எத்தனையோ இளம் உயிர்களைக் காத்த அறுவை இது.

ஆனால் சிகிச்சை அதோடு முடிவதில்லை. இயல்பான தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் சற்றே விரிந்து, பாய்ந்து வரும் இரத்தத்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். டாக்ரான் அவ்வளவாக விரியாது. தணியாத அந்த அலை, குழாய்க்கு அடுத்துள்ள பெருந்தமனி வளைவிலும் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் தமனியிலும் மோதுகிறது. அங்கே இருப்பதோ அதே பலவீனமான சுவர்! இரத்தம் அங்கே சுழன்று, திசைமாறி ஓடுவதை 4டி எம்.ஆர்.ஐ. படங்களில் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அறுவைக்குப் பின் இறங்கு தமனி கிழிவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்தத் தமனி பெரிதாக வீங்காமலேகூடக் கிழிவதுண்டு. அதுதான் கவலை தருவது.

ஆகவே அறுவை நன்றாக முடிந்தவர்களும் ஆயுள் முழுக்க ஸ்கேன் பரிசோதனையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் விடக்கூடாது. தோள்பட்டைகளுக்கு நடுவே திடீரென்று கிழிப்பதுபோல் வலித்தால், வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.