முதலில் கழுத்தைப் பாருங்கள்

கோவையில் ஆறு கம்பி கிட்டார் வாசிப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பேஸ் கிட்டார் வாசிப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சர்ச் கொயர்களில் சிலர், மெல்லிசைக் குழுக்களில் சிலர், கல்லூரி பேண்டுகளில் சிலர், என்னைப் போல ஷிஃப்ட் முடிந்த பிறகு வாசிக்கிறவர்கள் சிலர். நான் ஒரு பேஸை விற்க நினைத்தால், வாங்கப்போகிறவர் இந்தச் சிலருக்குள்தான் இருப்பார். விற்றவரும் வாங்கியவரும் அடுத்த மாதமே ஏதாவது ஒரு மேடைக்குப் பின்னால் சந்தித்துக்கொள்வார்கள். குறையை மறைத்து விற்றவரால் இந்த வட்டத்துக்குள் இரண்டாவது பொருளை விற்க முடியாது. வாரண்டியும் பில்லும் இல்லாத ஒரு வியாபாரம் இத்தனை காலம் ஒழுங்காக நடப்பதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பேஸ் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: இளையராஜா பாட்டு ஒன்றைக் கேட்கும்போது, பாடுகிறவரின் குரலுக்கும் தபேலாவுக்கும் அடியில் இன்னொரு மெட்டு தன்பாட்டில் நடந்துபோவதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் பேஸ். இளையராஜாவுக்கு சசிதரன் வாசித்ததையும், ஏ.ஆர். ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கேட்டுத்தான் எங்களில் பலர் இந்த வாத்தியத்துக்கு வந்தோம். இன்று கடையில் தொங்கும் பேஸ்களின் வடிவத்துக்கு அடிப்படை, 1951இல் கலிபோர்னியாவிலிருந்து லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். தடித்த கம்பிகள் 4, கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம், ஈ ஏ டி ஜி என்று சுருதி. ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை நடத்திக்கொண்டிருந்தவர். எது கெட்டாலும் கழற்றி மாற்றும்படிதான் அவருக்கு ஒரு பொருளைச் செய்யத் தெரியும். கழுத்தைக்கூட உடலோடு ஒட்டாமல் 4 திருகுகளால்தான் பிடித்திருந்தார். 40 வருடப் பழைய பேஸ் இன்றும் கை மாறி ஒலிக்கிறதென்றால், அந்த ரிப்பேர்க்காரர் புத்திக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

எல்லாவற்றையும் மாற்றலாம் என்பதால்தான், எது மாற்றுவதற்குக் கஷ்டமோ அதை முதலில் பார்க்க வேண்டும். அது கழுத்து. நாங்கள் நெக் என்போம். 4 கம்பிகளையும் சுருதி சேர்த்தால் அவை நெக்கை ஏறத்தாழ 80 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும். இரவும் பகலும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். அந்த இழுப்பை எதிர்த்து நிற்க நெக்குக்குள் ஓர் இரும்புக் கம்பி புதைந்திருக்கிறது. ட்ரஸ் ராட் என்று பெயர். அதன் முனையை ஆலன் கீயால் திருப்பினால் நெக் நிமிரும் அல்லது வளையும்.

நான் பம்ப் செட் மோட்டார் தயாரிக்கும் ஆலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். அங்கே இடைவெளி அளக்கப் பயன்படும் ஃபீலர் கேஜ் ஒன்று பேஸ் பார்க்கப் போகும்போதெல்லாம் என் பையில் இருக்கும். நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை ஃப்ரெட் என்போம். கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்தில் இன்னொரு கையாலும் அழுத்திப் பிடிக்க விற்பவரிடம் சொல்வேன். இப்போது கம்பியே நேர்கோடு காட்டும் அளவுகோல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் நெக் நன்றாக இருக்கிறது. கம்பி ஃப்ரெட்டிலேயே படுத்துக்கொண்டாலோ, ஒரு மில்லிமீட்டர் தகடே தாராளமாகப் போய்வந்தாலோ, அந்த இடத்திலேயே விற்பவரிடம் அனுமதி கேட்டு ட்ரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் சரி செய்யலாம். துருப்பிடித்து அசையாமல் நின்றாலோ, கடைசிவரை ஏற்கெனவே முறுக்கி வைத்திருந்தாலோ, விலை எவ்வளவு இறங்கினாலும் நான் வாங்கமாட்டேன். நெக்கே முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஈ கம்பிப் பக்கம் ஒரு வளைவும் ஜி கம்பிப் பக்கம் வேறு வளைவும் இருந்தால், அதையும் விட்டுவிடுவேன். புது நெக் கிடைக்கும்தான். ஆனால் அதன் விலையில் இன்னொரு பேஸே வாங்கிவிடலாம்.

சென்னையிலிருந்து வரும் பேஸ்களுக்குத் தனியாக ஒரு பார்வை வேண்டும். கடற்காற்றில், கம்பிகளை உடலோடு பிடிக்கும் பிரிட்ஜின் சின்னத் திருகுகள் துருவேறி இறுகியிருக்கும். ஈரக்காற்றில் பழகிய மரம் எங்கள் ஊருக்கு வந்ததும் சற்றுச் சுருங்குவதால், ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். முனையை ராவிவிட்டால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

திருப்பூரில் மெல்லிசைக் குழுக்களில் பல காலம் வாசித்த ஒரு பெரியவரிடம் நான் வாங்கிய ஃபெண்டர் ஜாஸ் பேஸ்தான், இந்த வியாபாரம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம். 1982இல் ஃபெண்டர் ஜப்பானிலும் தயாரிப்பைத் தொடங்கியது. மட்சுமோட்டோ நகரில் ஃபூஜிஜென் ஆலையில் செய்த அந்தக் காலத்து வாத்தியங்களுக்கு உலகம் முழுக்க மரியாதை உண்டு. இவர் சிங்கப்பூர்க் கச்சேரிக்குப் போனபோது வாங்கி வந்தது. நான் பெட்டியைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

“கண்ணு, வாசிச்சுப் பாக்கறதுக்கு முந்தியே ஒண்ணு சொல்லிப்போடறேன். ஜி கம்பில மூணாவது, அஞ்சாவது ஃப்ரெட்டு தேஞ்சு போச்சு. இரையும்.”

“மத்தபடி நெக்கு எப்படிங்கண்ணா இருக்குது?”

“அதை நான் சொல்லக்கூடாது. நீயே அளந்து பாத்துக்கோ.”

அளந்தேன். நேராக இருந்தது. தேய்ந்த ஃப்ரெட்டுகளின் உச்சியில் கம்பி அழுத்திய இடம் சின்னக் குழியாகப் பளபளத்தது. நகத்தை வைத்தால் இடறியது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகளில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பதை எப்போதோ மாற்றியிருந்தார். பழைய பிக்கப்பையும் அதன் திருகுகளையும் ஒரு மருந்துக்கடைக் கவரில் போட்டு, மேலே “ஒரிஜினல், வேலை செய்யும்” என்று எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். ஃப்ரெட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கோவை ரிப்பேர்க்காரரிடம் அவரே கேட்டுவைத்து, நான் வாய் திறக்கும் முன் அந்தத் தொகையை விலையில் கழித்துவிட்டார். நான் பேரமே பேசவில்லை. அவர் சொன்ன குறைகளுக்கு மேல் இதுவரை வேறு எந்தக் குறையும் அதில் தென்படவில்லை.

அந்த ஜாஸ் பேஸின் விரல் பலகை ரோஸ்வுட். எங்கள் பக்கத்து மலைக்காடுகளில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்கிற மரம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இந்திய ரோஸ்வுட் பலகைகள் உலகெங்கும் கிட்டார் ஆலைகளுக்குப் போகின்றன. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, ஃபெண்டர் தன் மெக்சிகோ தயாரிப்புகளில் பாவ் ஃபெரோ என்ற வேறு மரத்துக்கு மாறியது. 2019 இறுதியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்த இடைக்காலத்து மெக்சிகோ பேஸ் என்றால் மரத்தைச் சொல்லி விலை குறைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் காதுக்கு வித்தியாசம் கேட்டதில்லை. விற்பவர்கள் அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மின்சாரப் பகுதியில் பெரும்பாலான கோளாறு சின்னதுதான். வால்யூம் நாபைத் திருப்பும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஜாக்கில் ஒயர் ஆடினால் ஒரு சால்ட்ரிங். உள்ளே ப்ரீஆம்ப் இருக்கும் பேஸ்களுக்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். அவற்றில் கேபிளைச் செருகினாலே சர்க்யூட் ஓட ஆரம்பித்துவிடும், எடுக்க மறந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் “சத்தமே வரல, சர்க்யூட் போயிருச்சு” என்று பாதி விலைக்கு வரும் பேஸ்கள் உண்டு. அப்படி ஒன்றைப் பார்க்கப் போனால் விற்பவர் கண் முன்னாலேயே புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் அதற்குரிய விலையைக் கொடுங்கள். அவரும் நம் வட்டத்து ஆள்தான்.

செல்போன் வீடியோவைப் பார்த்து பேஸ் வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திறந்த ஈ கம்பியின் அதிர்வு விநாடிக்கு 41 தடவை. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் செல்போன் ஸ்பீக்கரால் வெளியே தள்ள முடியாது. வீடியோவில் நாம் கேட்பது மேலே எழும் துணை ஒலிகளை மட்டும்தான். அடித்தளத்தை நம் மூளை ஊகித்துக்கொள்கிறது. ஐந்து கம்பி பேஸில் கூடுதலாக இருக்கும் பி கம்பி இன்னும் தாழ்வு, 31தான். அந்தக் கம்பி தெளிவாக ஒலிக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்பதை ஆம்ப்பில் போட்டு நேரில் கேட்டால்தான் தெரியும். மெல்லிசை மேடையில் பாடகர் வசதிக்காகச் சுருதியை இறக்குவது வழக்கம் என்பதால் ஐந்து கம்பிக்கு மாறுபவர்கள் அதிகம். எங்கள் வட்டத்தில் நல்ல நாலு கம்பி பேஸ்கள் விலைக்கு வருவதும் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான்.

ஆம்ப் வாங்கும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்றால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகக் கூடாது. ஃபியூஸ் போவது அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மர் புகைவது வழக்கம். ஜப்பான் சரக்கு 100 வோல்ட். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் கவலையில்லை. மற்றவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்ப் இழுக்கும் வாட்டைவிட அதன் திறன் தாராளமாக இருக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிறகு ஈ கம்பியை நீளமாக அடித்து, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கால் மணி நேரமாவது விடாமல் வாசியுங்கள். சூடான பிறகு விக்குகிற ஆம்ப்புகள் உண்டு. ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக அழுத்தினால் சத்தமில்லாமல் உள்ளே போய் வர வேண்டும். மணல் உரசுவதுபோல் கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் தேய்கிறது. சாதாரண கிட்டார் ஆம்ப்பில் யாராவது பேஸ் வாசித்திருந்தால் இந்த நிலைமை வரும்.

கனமான பழைய ஆம்ப்புகளின் விலை இறங்கியதற்குத் தரம் காரணமில்லை. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடியின் வால்வு ஆம்ப் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். 8 ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்று 3 கிலோ எடையில் அதைவிடக் கூடுதல் வாட் கிடைக்கிறது. மாடிப்படி ஏறத் தேவையில்லாதவர்கள், வால்வின் ஒலியை விரும்புகிறவர்கள், பழசை வாங்க இதுதான் நேரம்.

மிகப் பழைய பேஸ்களின் உலகம் வேறு. 1965இல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கியது. அதற்கு முந்தையவை என்றால் சேகரிப்பாளர்கள் திருகின் நிறத்தைக்கூடப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு பெரிய பெயர் அந்தக் கணக்கையெல்லாம் மாற்றிவிடும். ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகளே கிடையாது. நீக்கிவிட்டு, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை விரல் பலகையில் பூசியிருந்தார். 1986இல் நியூயார்க்கில் அது காணாமல் போனது. சுமார் 20 வருடம் கழித்து அந்த நகரத்திலேயே ஒரு வியாபாரியிடம் தலைகாட்டியது. குடும்பத்துக்கும் அவருக்கும் வழக்கு மூண்டு, மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவிய பிறகுதான் தீர்ந்தது. திருட்டு வாத்தியம் எத்தனை வருடமானாலும் திருட்டு வாத்தியம்தான். சீரியல் நம்பரைப் படமெடுத்து, வட்டத்தில் நாலு பேரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். உங்களுடைய பேஸின் சீரியல் நம்பரையும் இன்றே குறித்து வையுங்கள்.

வெளியூர் ஆளிடம் ஆன்லைனில் வாங்கும்போதும் விற்கும்போதும் ஒன்றே ஒன்று. ராணுவத்தில் இருக்கிறேன், அவசரமாக மாற்றலாகிப் போகிறேன் என்று பேசி, “பணம் வந்து சேர இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்று அனுப்பினால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம்.

பேஸை பஸ் பார்சலில் அனுப்புவதென்றால் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, தலைப்பகுதியைச் சுற்றிலும் துணி அடைத்து அனுப்பலாம். நான் அந்த 4 திருகுகளையும் கழற்றி, நெக்கைத் தனியாகச் சுற்றி, சின்னப் பெட்டியாகக் கட்டிவிடுவேன். நீளமான பெட்டிதான் லோடு ஏற்றும்போது முனையில் அடி வாங்கும். வாங்கியவருக்கு மறுபடி பூட்டத் தெரியாவிட்டால் போனில் கூடவே இருந்து சொல்லித் தருவேன்.

முதல் பேஸ் வாங்கக் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கையில் உள்ள பணத்தை முழுவதும் வாத்தியத்தில் போடாதீர்கள் என்பேன். புதுக் கம்பி ஒரு செட், செட்டப் கூலி, ஒரு நல்ல கேபிள், இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் யமஹாவோ ஐபனேஸோ ஸ்குவையரோ, பேட்டரி இல்லாத நாலு கம்பி பேஸாகப் பாருங்கள். கம்பிச் செலவுக்குக் கஷ்டமென்றால் பழைய கம்பியைக் கழற்றித் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்துத் துடைத்து மாட்டுங்கள். அழுக்குப் போய்க் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று கேட்கும். மனதுக்குச் சரிப்படாவிட்டால் வாங்காமல் திரும்பி வாருங்கள். கல்யாணம், வெளிநாட்டு வேலை, ஐந்து கம்பி ஆசை என்று யாராவது ஒருவர் விற்றுக்கொண்டேதான் இருப்பார். எனக்குத் தகவல் வந்தால் உங்களைக் கூப்பிடுகிறேன், ஃபீலர் கேஜோடு நானும் வருகிறேன்.