லத்தி அள்ளினால் சோறு!
வெளிநாட்டுக் குதிரைப் பண்ணைகளில் சம்பளம் இல்லாத வேலை

காலை 6 மணி. எலும்பைத் துளைக்கும் குளிர். லாயத்தின் கதவைத் திறந்ததும் குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. நீண்ட பிடி போட்ட இரும்பு வாரி ஒரு கையில். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. இரவு முழுவதும் குதிரைகள் போட்ட லத்தியை அள்ள வேண்டும். நனைந்த வைக்கோலை ஒதுக்கிவிட்டுப் புது வைக்கோல் பரப்ப வேண்டும். 9 மணிக்குச் சுற்றுலாப் பயணிகள் சவாரிக்கு வந்துவிடுவார்கள்.

இந்த வேலையைச் செய்பவர் கூலியாள் அல்ல. கல்லூரி மாணவியாக இருக்கலாம். ஏதோ ஒரு நகரத்து பாங்க் குமாஸ்தாவாகவும் இருக்கலாம். சம்பளம் ஒரு காசு கிடையாது. வேளைக்குச் சாப்பாடு, படுக்க ஓர் இடம், அவ்வளவுதான்!

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். தர்மபுரியிலும் திருப்பத்தூரிலும் மாட்டுச் சாணி அள்ளி அலுத்துப்போய்த்தான் நம்மவர்களில் எத்தனையோ பேர் பெங்களூருக்கு ரெயில் ஏறினார்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் ஒண்டுக் குடித்தனம் இருந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளில் சிலர் செல்போனில் பச்சைப் புல்வெளியையும் குதிரைகளையும் பார்த்துவிட்டு, "தொண்டர் வேலை, நானும் போகிறேன்" என்கிறார்கள். போகட்டும், தவறில்லை. ஆனால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் உண்டு.

ஆரம்பித்து வைத்த காரியதரிசி

இந்தப் பழக்கத்துக்குப் பெரிய வடிவம் கொடுத்தவர் கோடீசுவரர் அல்ல. லண்டனில் காரியதரிசியாக வேலை பார்த்த சூ கோப்பர்ட் என்ற பெண்மணி. வாரம் முழுவதும் ஆபீஸ். கிராமத்துக் காற்றை அனுபவிக்க அவருக்கு ஆசை. ஆனால் போவதற்கு வழி இல்லை. 1971-ல் 'டைம் அவுட்' பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். சசெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரிக்குச் சொந்தமான இயற்கை விவசாயப் பண்ணையில் ஒரு சனி, ஞாயிறு வேலை செய்து பார்த்தார்கள்.

அந்தச் சிறு முயற்சிதான் இன்று 'வூஃப்' என்ற பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. (நாய் குரைப்பது போல் ஒலித்தாலும், ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துச் சேர்க்கைதான் அது.) முதலில் அதற்கு 'இயற்கைப் பண்ணைகளில் வார இறுதி வேலை' என்று பொருள். பிறகு 'விருப்பமுள்ள தொழிலாளர்' என்று மாற்றினார்கள். 'தொழிலாளர்' என்ற சொல்லைக் கண்டால் குடியேற்ற அதிகாரிகளுக்குச் சந்தேகம் வருகிறது என்பதால் அதையும் விட்டுவிட்டு 'உலகளாவிய வாய்ப்புகள்' என்று வைத்துக்கொண்டார்கள். பெயர் மாறிய இந்தக் கதையிலேயே பிரச்சினையின் வேர் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வழக்கமான ஏற்பாடு இதுதான்: நாள் ஒன்றுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேலை, அதற்குப் பதில் சாப்பாடும் தங்குமிடமும். ஆண்டுக்கு ஒரு சிறிய சந்தா கட்டினால் பண்ணைகளின் பட்டியல் கிடைக்கும். பண்ணைக்காரருக்கு நேராகவே எழுதிக் கேட்கலாம். நடுவில் தரகர் கிடையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குதிரை என்றால் விளையாட்டா?

காய்கறிப் பண்ணையில் களை எடுப்பது வேறு. குதிரைப் பண்ணை வேறு. பெங்களூர் ரேஸ்கோர்ஸ் பக்கம் விடியற்காலையில் குதிரைகளை நடத்திச் சென்ற லாயக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வளர்ந்த குதிரை 450 கிலோ, 500 கிலோ எடை இருக்கும். நாள்தோறும் ஏறக்குறைய 10 கிலோ உலர்ந்த புல் தின்னும். வெயில் காலத்தில் 40 லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். தின்றதற்குக் குறைவில்லாமல் லத்தியும் மூத்திரமுமாக ஒரு நாளில் 20 கிலோவுக்கு மேல் வெளியேற்றும். எட்டுக் குதிரை இருந்தால் எத்தனை தள்ளுவண்டி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்!

லத்தி அள்ளுவதோடு முடிந்ததா? நாலு குளம்பையும் தினம் தூக்கிப் பார்த்து, உள்ளே சிக்கிய கல்லையும் சேற்றையும் கொக்கியால் எடுக்க வேண்டும். விட்டால் குளம்பு அழுகும், குதிரை நொண்டும். பிறகு தூரிகையால் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். சேணம் வைக்கும் இடத்தில் ஒரு முள்ளோ மண்கட்டியோ ஒட்டியிருந்தால் முதுகு புண்ணாகிவிடும். அதற்குப் பிறகுதான் சேணமும் கடிவாளமும். வயிற்றைச் சுற்றிய வார் தளர்ந்திருந்தால் பயணி சேணத்தோடு சரிந்து விழுவார். ஏறுவதற்கு முன் ஒருமுறை, சற்று நடத்திவிட்டு மறுமுறை இழுத்துப் பார்ப்பது வழக்கம்.

தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் குதிரைக்குக் கடுமையான வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. எனவே சாதாரண வயிற்றுவலி என்று நினைப்பது அதன் உயிரையே குடித்துவிடும். பாசத்தில் ஒரு கூடை தீனியைக் கூடுதலாகக் கொட்டும் புது ஆளைக் கண்டால் பண்ணைக்காரர்கள் பயப்படுவது இதனால்தான்.

பின்பக்கமாகப் போகக் கூடாது என்பது முதல் பாடம். குதிரைக்கு இரு பக்கமும் நன்றாகத் தெரியும். நேர் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். மிரண்டால் உதைதான். உதைபட்டு விலா எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு, சம்பளக்காரருக்கு உள்ள காப்பீடு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. போகும் முன்பே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்வி இது.

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாரே, அவரும் இதே வேலையைத்தான் செய்கிறார். அவருக்கு அது வயிற்றுப்பாடு. ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்கு அது ஓய்வு. வேலை ஒன்று, கணக்கு இரண்டு.

தொண்டா? கூலித் திருட்டா?

தனக்குத் தேவையான காய்கறியைப் பயிரிடும் ஒரு குடும்பத்துக்கு நாலு நாள் ஒத்தாசை செய்வது ஒன்று. சுற்றுலாப் பயணியிடம் சவாரிக்குக் கட்டணம் வாங்கும் பண்ணையில் சும்மா உழைப்பது வேறொன்று. அங்கே லாபம் இருக்கிறது. லாபம் வரும் இடத்தில் கூலி கொடுக்காத உழைப்பு இருந்தால், உள்ளூர்க்காரர் ஒருவரின் வேலை போகிறது என்றுதான் அர்த்தம்.

குதிரைச் சவாரிக்குப் பேர்போன ஐஸ்லாந்திலேயே இந்தச் சண்டை உண்டு. அங்குள்ள குதிரைகள் குட்டையானவை, ரோமம் அடர்ந்தவை. வெளிநாட்டுக் குதிரை எதையும் உள்ளே விடமாட்டார்கள். ஒருமுறை நாட்டை விட்டு வெளியே போன குதிரைக்கும் திரும்ப அனுமதி கிடையாது. நோய் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு காவல்! அந்தக் குதிரைகளைப் பார்க்கவும் ஏறவும் உலகெங்கிலும் இருந்து கூட்டம் வருகிறது. சம்பளம் இல்லாத வெளிநாட்டு இளைஞர்களை இத்தகைய வியாபாரப் பண்ணைகளில் வைத்துக்கொள்வது கூலி ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு கண்டித்து வந்திருக்கிறது. பின்னி மில்லிலும் கோலார் தங்கவயலிலும் கொடி பிடித்தவர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

விசாவில்தான் சிக்கல்

"சம்பளம் வாங்கவில்லையே, பிறகு எப்படி அது வேலையாகும்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். குடியேற்ற அதிகாரி அப்படிப் பார்ப்பதில்லை. சோறும் படுக்கையும் கூலிக்குச் சமம் என்பது பல நாடுகளின் சட்டம்.

நியூசிலாந்தில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஈடாகப் பண்ணையில் உழைத்தால் அது வேலைதான். சுற்றுலா விசாவில் செய்யக் கூடாது. பிரிட்டனில் சுற்றுலா விசாவில் வருகிறவர் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். ஆனால் பதிவு பெற்ற தரும ஸ்தாபனத்தில்தான் செய்ய வேண்டும். சவாரிக்குக் காசு வாங்கும் தனியார் பண்ணை அதில் சேராது. விமான நிலையத்தில் "குதிரைப் பண்ணையில் உதவி செய்ய வந்தேன்" என்று வெள்ளை மனதோடு சொல்லிவிட்டு, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்டு. டிக்கெட் பணமும் போகும்; பாஸ்போர்ட்டில் கறையும் விழும்.

நேர்வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியா இந்தியர்களுக்காக 2024-ல் 'வேலையும் விடுமுறையும்' என்ற விசாவைத் திறந்தது. 18 முதல் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். குலுக்கல் முறையில் தேர்வு. முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள்! பள்ளிப் படிப்புக்கு மேல் இரண்டு ஆண்டாவது படித்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிய வேண்டும். கையில் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். இந்த விசாவில் சம்பளத்துக்கே பண்ணை வேலை பார்க்கலாம். சும்மா உழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிரிட்டனும் 2023 முதல் இந்திய இளைஞர்களுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பட்டதாரிகள், 18 முதல் 30 வயது, இரண்டு ஆண்டு தங்கலாம். இதுவும் குலுக்கல்தான், அதில் பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஆனால் சேமிப்பில் 2,530 பவுன் இருப்பதாகக் காட்ட வேண்டும். எந்த நாடானாலும் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த அரசின் அறிவிப்பைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

குலுக்கலில் பெயர் வர வைக்கிறேன் என்றோ, தொண்டர் வேலைக்கு இடம் பிடித்துத் தருகிறேன் என்றோ லட்ச ரூபாய் கேட்கும் ஏஜெண்டு யாராக இருந்தாலும் அவரிடம் ஏமாறக் கூடாது. குலுக்கலில் சிபாரிசு இல்லை. பண்ணைக்காரருக்கு ஒரு கடிதம் எழுத லட்ச ரூபாய் ஆகாது. அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துத்தான் சம்பளமில்லாத வேலைக்குப் போக வேண்டுமா என்பதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அவர்கள் இங்கே வருகிறார்கள்

வேடிக்கை என்னவென்றால், நம் பிள்ளைகள் அங்கே போக ஏங்கும்போது அங்குள்ளவர்கள் தமிழ் மண்ணுக்கு வந்து மண்வெட்டி பிடிக்கிறார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஆரோவில்லைத்தான் சொல்கிறோம். பெங்களூரில் இரவு பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம்.

1968 பிப்ரவரி 28-ந்தேதி ஆரோவில் தொடங்கப்பட்டபோது அது மரமற்ற செம்மண் மேடு. மழை பெய்தால் மண் அரித்துக் கடலுக்கு ஓடும். வரப்புக் கட்டி, குழி வெட்டி, லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்களோடு குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி போன்ற சுற்றுக் கிராமத்து மக்களும் கூலிக்கு உழைத்தார்கள். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த வெள்ளைக்காரர்களையே எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

அங்கே 2003-ல் இஸ்ரேலியத் தம்பதி தொடங்கிய 'சாதனா காடு' தொண்டர்களாலேயே நடக்கிறது. 70 ஏக்கர் வறண்ட பூமியில் நம் நாட்டு மரங்களைத் திரும்ப வளர்க்கிறார்கள். குதிரைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஆரோவில்லில் 'ரெட் எர்த்' குதிரையேற்றப் பள்ளியும் இருக்கிறது.

இதில் நம் அரசாங்கம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. மின்னணு சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர், பணமோ வேறு பிரதிபலனோ பெறாமல் ஒரு மாதம் வரை தொண்டு செய்ய அனுமதி உண்டு.

பெங்களூர்த் தமிழருக்கு அங்கே போக விசா வேண்டாம், குலுக்கல் வேண்டாம். முன்கூட்டியே எழுதி இடம் கேட்க வேண்டும். பல இடங்களில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். ஒரு வார லீவு போதாது என்று சில பண்ணைகள் சொல்லும். அதையும் கேட்டுக்கொள்வது நல்லது. வேலை விடியற்காலையில் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் குழி வெட்டி முடித்தாக வேண்டும். மண்வெட்டியும் கடப்பாரையும் அங்கே இருக்கும். தொப்பி, டார்ச் லைட், கொசுவலை ஆகியவற்றை மட்டும் கையோடு கொண்டு போக வேண்டும்.