அசோலாவை மிதக்க விட்டால் போதாது

நடவு வயலில் அசோலாவைத் தூவி, அது பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்ந்ததுமே பயிருக்கு உரம் சேர்ந்துவிட்டதாக நினைக்கும் விவசாயிகள் உண்டு. பிறகு பயிர் வெளுத்து நின்றால் அசோலாவைக் குறை கூறுகிறார்கள்.

அசோலா, நீரில் மிதக்கும் பெரணி வகைச் செடி. அதன் இலைகளில் உள்ள சிறு பொந்துகளில் அனபீனா எனும் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது இந்தப் பாசிதான். ஆனால் செடி உயிரோடு மிதக்கும்வரை அச்சத்தில் பெரும் பகுதி அதற்குள்ளேயே தங்கிவிடும். சேற்றில் புதைந்து மக்கினால்தான் நெல்லின் வேருக்கு எட்டும்.

நட்ட ஒரு வாரத்துக்குள் ஏக்கருக்கு 100 கிலோ பச்சை அசோலாவைப் பரவலாகத் தூவலாம். வயலில் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். வெப்பம் மிதமாக இருந்தால் மூன்று வாரத்தில் வயலை மூடிவிடும். களைகளும் ஓரளவு அமுங்கும். களையெடுப்பின்போது தண்ணீரை வடித்து, அசோலா சேற்றில் படிந்ததும் காலால் மிதித்தோ, சுழல் களைக்கருவியை ஓட்டியோ புதைக்க வேண்டும். தப்பிய செடிகள் மறுபடி பெருகும். அடுத்த களையெடுப்பில் அவற்றையும் மிதிக்கலாம்.

இதனால் கிடைப்பது எவ்வளவு? ஏக்கருக்கு 4 டன் பச்சை அசோலா விளைந்ததாகக் கொள்வோம். அதில் 93 பங்கு தண்ணீர். காய்ந்த எடை 280 கிலோதான். நூற்றுக்கு 4 பங்கு தழைச்சத்து என்றால் ஏறக்குறைய 11 கிலோ. அதாவது 45 கிலோ யூரியா மூட்டையில் பாதிக்குச் சற்று மேல். அரை மூட்டை மிச்சமாவது நல்லதுதான். ஆனால் அசோலாவை நம்பி யூரியாவை அடியோடு நிறுத்தினால் மகசூல் குறையும்.

மணிச்சத்து குறைந்த வயலில் அசோலா தேறாது. இலை சிறுத்துச் சிவந்து, வேர் நீண்டிருந்தால் அக்குறையாக இருக்கலாம்; ஏக்கருக்கு 10 கிலோ சூப்பர் பாஸ்பேட் தூவலாம். கடும் வெயிலிலும் இலை சிவக்கும் என்பதால், அடியுரமாக எவ்வளவு மணிச்சத்து இடப்பட்டது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

முறைத் தண்ணீர் தவறி வயல் அடிக்கடி காயும் கடைமடைப் பகுதிக்கு இது ஏற்றதன்று. ஈரம் வற்றினால் செடி மடிந்துவிடும். கோடை வெப்பத்தைவிடச் சம்பா, தாளடிப் பருவத்துக் குளிர்ச்சி இதற்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பு வழிந்தால் அத்தனையும் வாய்க்காலோடு போய்விடும். வடிமடையில் மூங்கில் தட்டியோ பழைய மீன்வலையோ கட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் வெளியேறும்.