கண் கூறும் சாட்சியம்

நமது ராஜ்யத்தில் கட்சித் தொண்டர்களும் சங்கத்தாரும் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. தலைவர் ஒருவரின் பிறந்த நாள் வந்தால் பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் பெஞ்சுகள் போடப்படும். கண்ணாடி வேண்டியவருக்குக் கண்ணாடி, புரை முதிர்ந்தவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு. நல்ல காரியமே. ஆனால் அவ்வரிசையில் நிற்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவரின் கருவிழியைச் சுற்றி வெண்சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தென்பட்டால் அவருக்கு என்ன சொல்லப்படுகிறது? பார்வையில் குறையில்லை, போகலாம் என்பதே பெரும்பாலும் அவர் பெறும் பதிலாக இருக்கும். பார்வையில் குறையில்லை என்பது மெய்தான். அவர் இரத்தத்தின் நிலைமையை யார் விசாரிப்பது?

கருவிழியை மூடியுள்ள தெளிந்த படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. அதன் ஓரத்தைச் சுற்றியுள்ள நுண்ணிய குழாய்களிலிருந்து கொலஸ்டிரால் முதலிய கொழுப்புப் பொருள்கள் கசிந்து நாளடைவில் அங்கே வளையமாகப் படிகின்றன. அறுபது, எழுபது பிராயம் கடந்தவர்களுக்கு இவ்வளையம் நரையைப் போல் இயற்கையாக வருவது. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. நாற்பத்தைந்து வயதுக்குள் தோன்றுமாயின் விஷயம் வேறு. இமைகளில் மூக்கை அடுத்த கோணத்தில் மஞ்சள் திட்டுக்கள் எழும்புவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதை அழகுக் குறையென்று மட்டும் கருதி அகற்றச் சொல்வோர் உண்டு. திட்டுப் போய்விடும்; இரத்தம் பழையபடியே இருக்கும்.

வக்கீல் தொழிலில் பழகியவர்கள், ஒரு சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டார்கள். இங்கும் அது அவசியம். மஞ்சள் திட்டுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தத்தில் கொலஸ்டிரால் சாதாரண அளவிலேயே இருக்கிறது. ஆயினும் டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரவாசிகள் 12,745 பேரை 1976 முதல் 2009 வரை தொடர்ந்து கவனித்து, 2011-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கொலஸ்டிரால் அளவைக் கணக்கிலெடுத்துத் தள்ளிய பின்னரும் திட்டுள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக நேர்ந்ததென்று தெரிந்தது. வளையத்துக்கு அப்படித் தனித்த தொடர்பு காணப்படவில்லை. ஆகவே வளையம் துப்புக் கொடுக்கும் சாட்சி மட்டுமே. இரத்தப் பரிசோதனையின்றித் தீர்ப்புக் கூறலாகாது.

சில குடும்பங்களில் இக்குறை பிறவியிலேயே வருகிறது. ஈரலின் அணுக்களில் கொலஸ்டிராலை இரத்தத்திலிருந்து பற்றியிழுக்கும் வாயில்கள் குறைவாயிருப்பதே காரணம். இதைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர்கள் மைக்கேல் பிரௌன், ஜோஸப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற குழந்தைகளுக்குச் சிறு பிராயத்திலேயே வளையம் தோன்றும். சிகிச்சையில்லாவிடில் இருபது வயதுக்குள் மாரடைப்பும் வரக் கூடும். அக்குழந்தைகள் நெய்யைத் தொட்டறியாத ஏழை வீட்டுக் குழந்தைகளாகவும் இருக்கலாம். 'கொழுப்பெடுத்தவன்' என்று நம்மவர் வாய் கூசாமல் வழங்கும் வசைமொழி இவர்கள் விஷயத்தில் எத்தனை கொடிது!

வளையமும் திட்டும் பார்வையைக் கெடுப்பதில்லை. கேடு உள்ளிருந்து வருகிறது. கழுத்தின் இரு பக்கத்திலும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய நாளங்களின் சுவரில் கொழுப்புப் படிந்து தடித்து, அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து ஓடினால், விழித்திரையின் சிறு நாளத்தில் அது சிக்கிக் கொள்ளும். டாக்டரின் கருவி வழியே அது பளபளக்கும் மஞ்சள் பொடியாகத் தெரிவதை 1961-ல் அமெரிக்க வைத்தியர் ராபர்ட் ஹோலன்ஹார்ஸ்ட் விவரித்தார். அப்பொழுது ஒரு கண்ணில் திரை இறங்கினாற்போல் பார்வை மறையும். சில நிமிஷத்தில் மீண்டும் வந்துவிடும். வலி சிறிதும் இராது. பித்தம் என்று சொல்லி முகத்தைக் கழுவிக் கொண்டு வேலைக்குப் போகிறவர் அனேகர். பக்கவாதம் வாசலில் வந்து நிற்கிறதென்பதற்கு அது அடையாளம். அன்றைக்கே, தாமதமின்றி, பக்கவாதத்துக்குச் சிகிச்சை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பார்வை மீளாமல் நின்றுவிட்டால், சுமார் நான்கு மணி நேரத்தில் விழித்திரை பெரும்பாலும் அழிந்துவிடும். பிறகு எந்தக் கண்ணாடியும் உதவாது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் பீடி சிகரெட்டும் இதில் கொலஸ்டிராலுக்குக் கூட்டாளிகள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மருந்து இல்லாத குறை நமக்கில்லை. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த சரக்கின் வழித்தோன்றல்களான ஸ்டாட்டின் மாத்திரைகள் இந்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கின்றன. குறை வேறிடத்தில். 1976-ல் ஆரம்பித்த தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் கண்புரையையே பிரதானமாகக் கொண்டது. அக்காலத்துக்கு அது நியாயம். முப்பது வயது கடந்தோரைப் பரிசோதிக்கப் பின்னர் வகுத்த திட்டத்திலோ, முதலில் இரத்த அழுத்தம், நீரிழிவு, மூவகைப் புற்றுநோய் ஆகிய ஐந்துக்கே இடமளித்தார்கள். கொலஸ்டிரால் அவ்வைந்தில் சேரவில்லை.

முகாம் நடத்தும் அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவரின் கண்ணில் வளையமோ, எவ்வயதினரின் இமையிலும் மஞ்சள் திட்டோ கண்டால், 'இரத்தக் கொழுப்புப் பரிசோதனை' என்று சீட்டில் ஒரு வரி எழுதி அருகிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஒரு கண்ணில் பார்வை மறைந்து மீண்டதுண்டா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். சுகாதார இலாகா இதையே ஒரு சுற்றறிக்கையாக அனுப்புவதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய உத்தியோகமும் வேண்டாம். சட்டசபை அங்கத்தினர் எவரேனும் இதைக் கேள்வியாக எழுப்புவாராயின், மந்திரி அளிக்கும் பதிலை இதே பத்தியில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.